சாலையின் ஒரு பக்கம் உண்டு, மறுபக்கம் இல்லை: மெடிகெய்ட் விரிவாக்கம் ஏன் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது?

கேள்வி, சுருக்கமாக: "அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய என் சித்தி மகன் டெக்சஸில் இருக்கிறான். வேலை போய், இப்போது பெட்ரோல் பங்கில் பகுதி நேரம் பார்க்கிறான். அவனுக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. அவனைவிடக் கொஞ்சம் அதிகம் சம்பாதிக்கும் அவன் நண்பனுக்கு ஆர்கன்சாஸில் அரசே காப்பீடு தருகிறது. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு தருகிறேன் என்றும் சில மாநிலங்கள் ஏன் வேண்டாம் என்கின்றன?"

டெக்சஸ், ஆர்கன்சாஸ் இரண்டையும் நீங்கள் சேர்த்துச் சொன்னதும் எனக்கு டெக்சர்கானாதான் ஞாபகம் வந்தது. இரு மாநில எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஊர். ஸ்டேட் லைன் அவென்யூ என்று ஒரு சாலை. மேற்குப் பக்கம் டெக்சஸ், கிழக்குப் பக்கம் ஆர்கன்சாஸ். தபால் நிலையமும் கோர்ட்டும் இருக்கும் கட்டிடமே பாதி அங்கே, பாதி இங்கே. அதன் முன்னால் ஒரு கால் டெக்சஸிலும் ஒரு கால் ஆர்கன்சாஸிலும் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். மாதம் 1,200 டாலர் சம்பாதிக்கும் பிள்ளையில்லாத ஒருவர் கிழக்குப் பக்கம் வாடகைக்கு இருந்தால் அவருக்கு அரசுக் காப்பீடு உண்டு. சாலையைத் தாண்டி மேற்கே வீடு மாற்றினால் கிடையாது. அதே வேலை, அதே சம்பளம், அதே சர்க்கரை வியாதி.

இது யாரும் திட்டமிட்டு வரைந்த கோடு இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 2010-ல் இந்த விரிவாக்கத்தைக் கொண்டுவந்த 'ஒபாமாகேர்' சட்டத்தை எழுதியவர்கள் மாநிலங்களுக்கு இப்படி ஒரு விருப்பத்தைக் கொடுக்கவே இல்லை. 2012-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. அன்றிலிருந்து இது ஐம்பது தனித்தனிச் சண்டைகளாகிவிட்டது. அதிலும் ஒரு மாநிலம் 'சரி' என்று சொன்னவுடன் சண்டை முடிந்துவிடுவதில்லை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. மெடிகேர், மெடிகெய்ட் இரண்டையும் குழப்பிக்கொள்வது நம் ஆட்களிடம் சகஜம். மெடிகேர் முக்கியமாக 65 வயதானவர்களுக்கு. முழுக்க மத்திய அரசின் திட்டம். மெடிகெய்ட் வருமானம் குறைந்தவர்களுக்கு. மத்திய அரசும் மாநிலமும் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும், நடத்துவது மாநிலம். இரண்டும் 1965 ஜூலை 30-ல் ஒரே பேனாவில் பிறந்தவை. ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் ஊருக்கே போய், முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். (அந்த மிசௌரி, மெடிகெய்ட் விரிவாக்கத்தை 2021 வரை இழுத்தடித்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.) அந்த முதல் மெடிகெய்ட்டில்கூட எல்லா மாநிலமும் உடனே சேரவில்லை. கடைசியாக அரிசோனா சேர்ந்தது 1982-ல். ஆக, வாஷிங்டன் பணம் நீட்டுவதும் மாநிலம் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ஒபாமா காலத்தில் முளைத்த பழக்கமில்லை.

பழைய மெடிகெய்ட் ஏழை என்பதற்காக மட்டும் யாருக்கும் கிடைத்ததில்லை. ஏழையாகவும் இருக்க வேண்டும், கூடவே குழந்தையாகவோ, கர்ப்பிணியாகவோ, மாற்றுத் திறனாளியாகவோ, முதியவராகவோ, சின்னப் பிள்ளைகளின் பெற்றோராகவோ இருக்க வேண்டும். பிள்ளையில்லாத 40 வயது ஆள் எவ்வளவு ஏழையானாலும் பெரும்பாலான மாநிலங்களில் இடமில்லை. 2010 மார்ச் 23-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இதை மாற்றியது: 65 வயதுக்குட்பட்ட எவரும், வருமானம் வறுமைக்கோட்டின் 138 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். விரிவாக்கம் என்பது இதுதான். 2025 கணக்கில் தனி ஆளுக்கு வறுமைக்கோடு வருடத்துக்கு 15,650 டாலர். 138 சதவீதம் என்றால் சுமார் 21,600. புதிதாகச் சேரும் இவர்களுக்கான செலவை 2014 முதல் 2016 வரை முழுக்க மத்திய அரசே ஏற்கும். அப்புறம் படிப்படியாகக் குறைந்து 2020 முதல் 90 சதவீதத்தில் நிற்கும்.

மறுக்கும் மாநிலத்துக்குச் சட்டம் ஒரு தண்டனையும் வைத்திருந்தது: புதிய பணம் மட்டுமல்ல, பழைய மெடிகெய்ட் பணமும் போய்விடலாம். 26 மாநிலங்கள் வழக்குப் போட்டன. 2012 ஜூன் 28-ல் தீர்ப்பு. எல்லோரும் காப்பீடு வாங்கியாக வேண்டும் என்ற பிரிவு பிழைக்குமா என்பதில்தான் நாடே கண்ணாக இருந்தது. அது 5-க்கு 4 என்று பிழைத்தது. மெடிகெய்ட் பகுதியில் ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் ஒரே பக்கம்: இவ்வளவு பெரிய பணத்தைப் பிடுங்குவோம் என்பது மாநிலத்தின் தலையில் துப்பாக்கி வைப்பது போல என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். விரிவாக்கம் இருக்கட்டும், மறுத்தால் பழைய பணத்தில் கைவைக்காதே என்பது தீர்ப்பு. அன்று டிவியில் இதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. உங்கள் சித்தி மகனின் கதை அன்றுதான் முடிவானது.

ஏனென்றால் சட்டம் இரண்டு மாடியாகக் கட்டப்பட்டது. கீழ் மாடி மெடிகெய்ட். மேல் மாடியில் வறுமைக்கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் தனியார் காப்பீடு வாங்க மானியம். கீழே இருப்பவர்கள் எல்லோரும் மெடிகெய்ட்டில் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில், மானியத்தை வறுமைக்கோட்டின் 100 சதவீதத்திலிருந்துதான் ஆரம்பித்தார்கள். நீதிமன்றம் கீழ் மாடியை மாநிலத்தின் விருப்பம் ஆக்கியதும், மறுத்த மாநிலங்களில் கீழே இருந்தவர்கள் அந்தரத்தில் நின்றார்கள். வருமானம் அதிகமானால் மானியம், குறைவானால் ஒன்றுமில்லை. 'இடைவெளியில் விழுந்தவர்கள்' என்று இவர்களைச் சொல்வார்கள்.

அந்த இடைவெளியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில வருடங்கள் டெக்சஸில் ஒரு சிறு கிளினிக்கில் சனிக்கிழமைகளில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வ வேலை பார்த்தேன். 2019 என்று நினைவு. ஒரு மோட்டலில் துணி துவைக்கும் பெண், ஐம்பதைத் தாண்டியவர். சம்பளச் சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்தார். கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு 11,400 டாலர் சொச்சம். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் வந்தது: மெடிகெய்ட் இல்லை, மானியம் பூஜ்யம், பிரீமியம் மாதம் எழுநூறு டாலருக்கு மேல். "எங்கே தப்பு?" என்று கேட்டார். தப்பு எதுவும் இல்லை, நீங்கள் இன்னும் ஆயிரம் டாலர் சம்பாதித்திருந்தால் மாதம் இருபது டாலர் சொச்சத்தில் காப்பீடு கிடைத்திருக்கும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அப்புறம் சீட்டுகளைத் திரும்ப அடுக்கி ரப்பர் பேண்ட் போட ஆரம்பித்தார்.

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்திருந்தாலும் பெரிய மாற்றமில்லை. டெக்சஸில் பெற்றோருக்கு மெடிகெய்ட் கிடைக்க, மூன்று பேர் உள்ள குடும்பத்தின் வருட வருமானம் சுமார் 4,000 டாலருக்குள் இருக்க வேண்டும். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு.

நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விசித்திரமும் உண்டு. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகாத பெரியவர்களுக்குப் பொதுவாக மெடிகெய்ட் கிடையாது. அவர்கள் விட்டுப்போகக் கூடாதே என்று சட்டம் அவர்களுக்கு மட்டும் வறுமைக்கோட்டுக்குக் கீழேயும் மானியம் கொடுத்தது. விளைவு, டெக்சஸில் புதிதாக வந்த ஏழைக்கு மானியம் உண்டு. அங்கேயே பிறந்து வளர்ந்த ஏழைக்குக் கிடையாது. இந்தச் சலுகையை 2025-ல் வந்த சட்டம் 2026 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டது. சமத்துவம் வந்துவிட்டது, இரண்டு பேருக்கும் இல்லை.

சரி, 90 சதவீதம் இலவசம் என்றும் ஏன் மறுத்தார்கள்? மறுப்பவர்களின் வாதத்தை அவர்கள் சொல்கிறபடியே முதலில் வைக்கிறேன், ஏனென்றால் அது முழுக்க வெற்றுப் பேச்சு இல்லை. ஒன்று, பெரிய தொகையில் பத்து சதவீதமும் பெரிய தொகைதான். பெரும்பாலான மாநிலங்கள் பற்றாக்குறை பட்ஜெட் போட முடியாது. இரண்டு, இன்று 90 தருகிறேன் என்கிற வாஷிங்டன் நாளை 70 தருகிறேன் என்றால், சேர்ந்துவிட்ட லட்சக்கணக்கானவர்களை வெளியே தள்ளும் பாவம் மாநிலத்தின் தலையில். மூன்றாவதுதான் எனக்கு உண்மையிலேயே உறுத்தும் வாதம்: மாற்றுத் திறனாளிக் குழந்தையின் செலவில் மத்திய அரசு வழக்கமான பங்குதான் தரும். அது மாநிலத்தின் வருமானத்தைப் பொறுத்து 50 சதவீதத்திலிருந்து, மிகவும் ஏழை மாநிலமான மிசிசிப்பிக்குக் கிட்டத்தட்ட 77 வரை. திடகாத்திரமான 30 வயது ஆளுக்கு 90. இது தலைகீழாக இல்லையா என்கிறார்கள். தலைகீழ்தான். ஆனால் அந்த 90-ஐ மறுப்பதால் அந்தக் குழந்தைக்கு ஒரு சென்ட்கூட கூடுதலாக வந்துவிடவில்லை.

முதல் வாதத்தை அனுபவமே தளர்த்திவிட்டது. சேர்ந்த மாநிலங்கள் தங்கள் பத்து சதவீதத்துக்கு வழி கண்டுபிடித்தன; பல இடங்களில் ஆஸ்பத்திரிகளே "எங்கள் மேல் வரி போடுங்கள், அதை வைத்துக் கட்டுங்கள்" என்றன. ஆஸ்பத்திரி ஏன் வலியப் போய் வரி கேட்கும்? 1986-ம் வருடச் சட்டப்படி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் யாரையும், காசு இருக்கிறதோ இல்லையோ, பார்த்து உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். அந்தக் கட்டணம் பெரும்பாலும் வராக்கடன். நோயாளிக்குக் காப்பீடு இருந்தால் கொடுத்த வரியைவிட அதிகம் திரும்ப வரும். இருபத்தைந்து கட்டில் வைத்துத் தள்ளாடும் கிராமத்து ஆஸ்பத்திரிக்கு இது வாழ்வா சாவா கணக்கு.

ஆக, பணம் முழுக் காரணம் இல்லை. 'ஒபாமாகேர்' என்ற பெயரே குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு உட்கட்சித் தேர்தலில் விஷமாக இருந்தது. கூடவே, உடல் நன்றாக இருப்பவன் உழைத்துத்தானே சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் தென் மாநிலங்களில் ஆழமாக வேரோடியது. அதன் அடியில் இனமும் இருக்கிறது. இடைவெளியில் விழுந்தவர்களில் பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர்கள். இதைச் சொன்னால் கோபப்படுவார்கள். ஆனால் மறுக்கும் மாநிலங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள், அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா, தென் கரோலினா என்று எங்கே போய் நிற்கிறது என்று.

அந்தக் கட்சிக்குள்ளேயே சிலர் சம்மதித்த விதம் சுவாரசியமானது. (இங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர், நம்மூர் முதலமைச்சர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.) அரிசோனாவின் ஜான் ப்ரூவர் ஒபாமாவிடம் விமான நிலையத்திலேயே விரல் நீட்டிப் பேசியவர், அவரே 2013-ல், இதை நிறைவேற்றாவிட்டால் வேறு எந்த மசோதாவிலும் கையெழுத்து இல்லை என்று தன் கட்சிக்காரர்களிடமே அடம் பிடித்து வாங்கினார். ஒஹாயோவின் ஜான் கேசிக் சட்டமன்றம் மசியாததால், செலவுகளை அனுமதிக்கும் ஒரு சிறு குழு மூலம் வேலையை முடித்தார். சொர்க்க வாசலில் புனித பேதுரு உன்னிடம் அரசாங்கத்தை எவ்வளவு சின்னதாக வைத்தாய் என்று கேட்க மாட்டார், ஏழைக்கு என்ன செய்தாய் என்றுதான் கேட்பார் என்பது அவர் வாதம். லூயிசியானாவில் ஆளுநர் மாறியதே போதுமாக இருந்தது: மறுத்துவந்த பாபி ஜிண்டால் போய், ஜான் பெல் எட்வர்ட்ஸ் வந்து 2016 ஜனவரியில் பதவியேற்ற மறுநாளே ஆணை போட்டார்.

வர்ஜீனியாவின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. நான்கு வருடம் சட்டமன்றம் மறுத்துக்கொண்டே வந்தது. 2017 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை கிட்டத்தட்டக் கரைந்தது. நியூபோர்ட் நியூஸ் பகுதியின் ஒரு தொகுதியில் இருவருக்கும் சம ஓட்டு. சட்டப்படி சீட்டுக் குலுக்க வேண்டும். 2018 ஜனவரி 4-ல் இரண்டு பெயர்களையும் பழைய ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, நீலமும் வெள்ளையுமான ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்து எடுத்தார்கள். குடியரசுக் கட்சிக்காரர் ஜெயித்தார், சபை 51-க்கு 49 என்று அவர்கள் கையிலேயே இருந்தது. ஆனாலும் தேர்தல் கொடுத்த பயம் போகவில்லை. அவர்களில் ஒரு கூட்டம் அந்த வருடமே கட்சி மாறாமல் வாக்கை மட்டும் மாற்றியது. ஜூனில் ஆளுநர் நார்தம் கையெழுத்திட்டார். 2019 ஜனவரி 1-ல் திட்டம் ஓட ஆரம்பித்தது.

அரசியல்வாதிகள் அசையாத இடங்களில் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சில மாநிலங்களில் போதுமான கையெழுத்து சேர்த்தால் ஒரு சட்டத்தை நேராக வாக்குச் சீட்டில் ஏற்றலாம். 2017-ல் மெய்ன் முதலில் செய்தது. 2018-ல் ஐடாஹோ, யூட்டா, நெப்ராஸ்கா. மூன்றுமே குடியரசுக் கட்சியின் கோட்டைகள். ஐடாஹோவில் 'ரிக்ளெய்ம் ஐடாஹோ' என்ற குழு பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு பழைய கேம்பர் வண்டியில் ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கியது. முடிவில் சுமார் 61 சதவீதம் ஆதரவு. ஒக்லஹோமாவில் 2020 ஜூனில் ஜெயித்த வித்தியாசம் வெறும் 6,500 ஓட்டுச் சொச்சம். தெற்கு டகோடாவில் 2022-ல் 56 சதவீதம். ட்ரம்புக்கு ஓட்டுப் போடும் அதே கை இதற்கும் போட்டது. தன் அத்தைக்கோ தம்பிக்கோ காப்பீடு இல்லாததைப் பார்த்த கை அது.

ஓட்டுப் போட்டால் கிடைத்துவிடுமா? மெய்னில் ஆளுநர் லெபாஜ், பணத்துக்கு வழி சொல்லாமல் இதைச் செய்வதைவிட ஜெயிலுக்குப் போவேன் என்றார். ஒரு வருடத்துக்கு மேல் எதுவும் நடக்கவில்லை. 2019 ஜனவரியில் ஜேனட் மில்ஸ் வந்து முதல் வேலையாக ஆணை போட்டார். யூட்டா சட்டமன்றம் மக்கள் கேட்டதை முதலில் வெட்டிச் சுருக்கியது. மிசௌரி மக்கள் 2020 ஆகஸ்டில் அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள். அப்படியும் சட்டமன்றம் "பணம் ஒதுக்க மாட்டோம்" என்றது. மாநில உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் ஒருமனதாகத் தலையிட்ட பிறகுதான் விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தார்கள். ஜான்சன் கையெழுத்திட்ட ஊர் இருக்கும் மாநிலம், ஞாபகம் இருக்கிறதா?

இப்போது டெக்சஸ் ஏன் இன்னும் இப்படியே இருக்கிறது என்பதற்கு வருகிறேன். 40 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் ஏற்றுவிட்டன. மிச்சம் பத்து: டெக்சஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா, டென்னசி, கேன்சஸ், விஸ்கான்சின், வயோமிங். இதில் விஸ்கான்சின் தனி ரகம். அது வறுமைக்கோடு வரை தானாகவே மெடிகெய்ட் தருவதால் அங்கே இடைவெளி இல்லை. மற்றவற்றில் பெரும்பாலானவற்றில் மக்கள் நேரடியாக வாக்குச் சீட்டில் ஏற்றும் வழியே கிடையாது. டெக்சஸில் கிடையாது, ஜார்ஜியாவில் கிடையாது, கேன்சஸில் கிடையாது. ஃப்ளோரிடாவில் உண்டு, ஆனால் 60 சதவீதம் வேண்டும். மிசிசிப்பியில் இருந்தது. அதன் அரசியல் சாசனம் ஐந்து காங்கிரஸ் (இங்கே காங்கிரஸ் என்றால் நாடாளுமன்றம்) தொகுதிகளிலிருந்தும் கையெழுத்து வாங்கு என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு அங்கே தொகுதிகள் நான்காகிவிட்டன. நான்கு தொகுதியில் ஐந்து பங்கு எப்படி வரும் என்று 2021-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வழியையே மூடிவிட்டது. வழக்கு மருத்துவக் கஞ்சாவைப் பற்றியது; கூடவே அப்போதுதான் கையெழுத்து வாங்கக் கிளம்பியிருந்த மெடிகெய்ட் பிரசாரமும் சுருண்டது. இடைவெளியில் இருக்கும் சுமார் 14 லட்சம் பேரில் ஏறக்குறைய முக்கால்வாசி டெக்சஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா மூன்றில் மட்டும் இருக்கிறார்கள்.

நூலிழையில் தவறியதும் உண்டு. கேன்சஸில் 2017-ல் இரு சபைகளும் நிறைவேற்றின. ஆளுநர் பிரவுன்பேக் தடுத்தார். தடையை உடைக்கப் பிரதிநிதிகள் சபையில் மூன்று ஓட்டுக் குறைந்தது. வட கரோலினா நேர் எதிர். பத்து வருடம் முட்டுக்கட்டையாக இருந்த செனட் தலைவர் ஃபில் பெர்கரே மனம் மாறி, 2023 மார்ச்சில் சட்டம் வந்தது. மாநிலத்தின் பத்து சதவீதத்தை ஆஸ்பத்திரி வரி கட்டுகிறது. டிசம்பர் 1, முதல் நாளே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஏற்கெனவே வேறு சிறு திட்டத்தில் பெயர் இருந்தவர்களை அரசே நகர்த்திவிட்டது.

எவ்வளவு பேருக்குக் காப்பீடு கையில் வரும் என்பதை இந்தக் 'அரசே நகர்த்துவது' மாதிரிச் சின்ன விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன. லூயிசியானா, உணவு உதவி வாங்குபவர்களின் வருமானம் ஏற்கெனவே தன்னிடம் இருக்கிறதே என்று அதை வைத்தே ஆட்களைச் சேர்த்தது. ஆர்கன்சாஸ் 2018-ல் வேறு மாதிரிச் செய்தது: மாதம் 80 மணி நேரம் வேலை பார்ப்பதாக நிரூபிக்க வேண்டும், அதுவும் ஆரம்பத்தில் இணையதளத்தில் மட்டும். அந்தத் தளம் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத் திறக்கும்! இணையதளத்துக்குக் கடை நேரம் வைத்த அரசை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் எப்போது பதிவான்? சில மாதங்களில் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். அவர்களில் பலர் வேலை பார்த்துக்கொண்டே இருந்தவர்கள், அல்லது விலக்குக்குத் தகுதியானவர்கள். வேலைக்குப் போகிறவர் எண்ணிக்கை கூடவில்லை என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. 2019 மார்ச்சில் நீதிபதி போஸ்பெர்க் அதை ரத்து செய்தார். ஜார்ஜியா முழு விரிவாக்கம் வேண்டாம், வேலை நிபந்தனையோடு வறுமைக்கோடு வரை மட்டும் என்று 2023 ஜூலையில் ஆரம்பித்தது. ஒரு வருடம் கழித்துச் சேர்ந்தவர்கள் 5,000-ஐக்கூட எட்டவில்லை.

இவ்வளவு சண்டை போட்டு வாங்கும் மெடிகெய்ட்டால் உண்மையில் பலன் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்துக் கேட்பீர்கள். ஓரிகன் 2008-ல் இடம் குறைவு என்பதால் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தது. கிட்டத்தட்ட 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். ஆய்வாளர்களுக்கு அது வரம். கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். மருத்துவக் கடன் நெருக்கடி குறைந்தது, மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது. ஆனால் இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவுகளில் இரண்டு வருடத்தில் நிச்சயமாகச் சொல்லும்படி மாற்றமில்லை. அவசரப் பிரிவுக்குப் போவது குறையும் என்று எதிர்பார்த்தால் 40 சதவீதம் கூடியது. எதிர்ப்பாளர்கள் இதை இன்றும் மேற்கோள் காட்டுவார்கள், காட்டுவதில் தப்பில்லை. ஆனால் 2014-க்குப் பிறகு லட்சக்கணக்கானவர்களின் தரவை வைத்துச் செய்த பெரிய ஆய்வு, ஓய்வு வயதை நெருங்கும் ஏழைகளிடையே விரிவாக்கிய மாநிலங்களில் இறப்பு குறைந்திருப்பதைக் கண்டது: நான்கு வருடத்தில் சுமார் 19,200 உயிர்கள் காப்பாற்றப்பட்டன, மறுத்த மாநிலங்களில் சுமார் 15,600 உயிர்கள் தேவையில்லாமல் போயின என்பது அவர்கள் மதிப்பீடு. அந்த மோட்டல் பெண்ணின் வயது இந்தக் கணக்கில் வரும் வயது.

இப்போது ஏற்ற மாநிலங்களுக்கும் நிம்மதி இல்லை. 2021-ல் புதிதாகச் சேரும் மாநிலத்துக்கு இரண்டு வருடம் கூடுதலாக ஐந்து சதவீதம் தருகிறோம் என்று ஆசை காட்டினார்கள். 2025 ஜூலை 4-ல் வந்த சட்டம் அதை 2026 தொடக்கத்தோடு எடுத்துவிட்டது. அதே சட்டப்படி, 2027 ஜனவரி தொடங்குவதற்குள் மாநிலங்கள் ஒரு நிபந்தனையைக் கொண்டுவர வேண்டும்: விரிவாக்கத்தில் சேர்ந்த பெரியவர்கள் மாதம் 80 மணி நேர வேலையையோ படிப்பையோ தொண்டையோ காட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளின் பெற்றோர், கடும் நோயாளிகள் போன்றோருக்கு விலக்கு. தகுதியை வருடத்துக்கு ஒரு முறைக்குப் பதில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதிப்பார்கள். ஆஸ்பத்திரி வரியின் உச்சவரம்பும் விரிவாக்கிய மாநிலங்களில் 6 சதவீதத்திலிருந்து படிப்படியாக 3.5-க்கு இறங்கும். எதை வைத்துப் பத்து சதவீதத்தைக் கட்டினார்களோ அதிலேயே கை. 2034-க்குள் இந்தச் சட்டத்தால் மொத்தம் ஒரு கோடிப் பேர் காப்பீட்டை இழப்பார்கள் என்பது காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. அதில் பாதியளவு வேலை நிபந்தனையால். 90 என்ற எண்ணை மட்டும் தொடவில்லை. தொட்டிருந்தால் அரிசோனா, இலினாய், வர்ஜீனியா, வட கரோலினா உட்பட ஒன்பது மாநிலங்களில் விரிவாக்கம் முடிந்துவிடும் என்று அவற்றின் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வாஷிங்டன் நாளை கையைச் சுருக்கிக்கொள்ளும் என்ற அந்த இரண்டாவது வாதக்காரர்கள் சம்மதிக்க வாங்கிய விலை அது.

இனி உங்கள் சித்தி மகனுக்கு. அவருடைய இந்த வருட மொத்த வருமானத்தை உட்கார்ந்து கூட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் பங்குச் சம்பளத்தோடு, வருடத் தொடக்கத்தில் பழைய வேலையில் வாங்கியது, வேலை இழப்புக்கான உதவித்தொகை, வார இறுதியில் வண்டி ஓட்டிச் சம்பாதித்தது எல்லாமே கணக்கில் வரும். பலர் இவற்றை விட்டுவிட்டு "எனக்குத் தகுதியில்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். நேர்மையாகக் கூட்டி வறுமைக்கோட்டைத் தாண்டினால் மானியம் உண்டு. அதற்கான சேர்க்கை நவம்பர் 1-ல் திறக்கும். வேலையோடு காப்பீடும் போயிருந்தால் அன்றிலிருந்து 60 நாள் தனி அவகாசம் உண்டு, நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். தாண்டவில்லை என்றால், வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமுதாய சுகாதார மையங்கள் டெக்சஸ் முழுக்க இருக்கின்றன. காப்பீடு இல்லாதவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். போகும்போது கடைசி ஒரு மாதச் சம்பளச் சீட்டுகளையும் கையோடு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அதைக் கேட்பார்கள்.